வேகம் காக்கும் கருவியும் பிரேக்கின் தேய்மானமும்

தஞ்சோங் மாலிமைக் கடந்து ஈப்போவை நோக்கி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு கார் விரைந்து செல்கிறது. ஓட்டுபவரின் கை வளையத்தின்மீது இருக்கிறது. காலோ எந்த மிதியின்மீதும் இல்லை. சற்றுத் தொலைவில் சுமை ஏற்றிய லோரி ஒன்று தென்படுகிறது. காரின் வேகம் தானே குறைகின்றது. பின்னால் வருபவரின் கண்ணுக்கு அக்காரின் சிவப்பு விளக்குகள் எரிந்து அணைவதும் தெரிகின்றது. பிரேக்கை மிதித்தவர் யார்? யாரும் மிதிக்கவில்லை. காரின் முகப்பில் பொருத்தப்பட்டுள்ள கருவி ஒன்று லோரியைக் கண்டு, இடைவெளியை அளந்து, தானே பிரேக்கை இயக்கியது.

ஆங்கிலத்தில் 'அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்' எனப்படும் இக்கருவியைத் தமிழில் 'இடைவெளி காக்கும் வேகக்கருவி' எனலாம். ஒரு காலத்தில் செல்வர்களின் வண்டிகளில் மட்டுமே இருந்த இது, இன்று மலேசிய நாட்டுக் கார்களிலும் இடம் பெற்றுவிட்டது. 2021 ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட அத்திவா, அதே ஆண்டில் புதுப்பித்து வெளியிட்ட மைவி ஆகியவற்றின் உயர்ந்த வகைகளில் இக்கருவி உண்டு. ஆதலின் இதைப் பற்றிய பேச்சும் பட்டறைகளிலும் காப்பிக் கடைகளிலும் அடிபடுகின்றது.

அப்பேச்சில் இரு கட்சிகள் உண்டு. "கருவி ஓயாமல் பிரேக் போடுகிறது, ஆகவே பிரேக் விரைவில் தேய்ந்துவிடும்" என்பது ஒரு கட்சி. "கருவி மனிதனைவிட நிதானமாக ஓட்டுகிறது, ஆகவே பிரேக் நெடுநாள் உழைக்கும்" என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அறிய வேண்டுமானால், பிரேக் என்பது என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி வளர்ந்த வரலாறு

வண்டியின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவிக்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ரால்ப் டீட்டர். ஐந்து வயதில் கண்பார்வையை இழந்தவர் இவர். பார்வையற்ற ஒருவர், பார்வையுள்ளோர் ஓட்டும் வண்டிக்கு ஒழுங்கு கற்பித்தது வியப்புக்குரியது. வேகம் கூடிக் குறைவதைக் கண்ணால் காணாமல் உடலால் உணர்ந்தவர் என்பதை எண்ணினால் அவ்வியப்பு ஓரளவு தணியும். இவருடைய கருவிக்கு 1950 ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது; 1958 இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

அந்தப் பழைய கருவிக்குக் கண் இல்லை. குறித்த வேகத்தை மட்டும் அது காக்கும். முன்னால் வண்டி வந்தால் பிரேக் போட வேண்டியவர் ஓட்டுநரே. கருவிக்குக் கண் கிடைத்தது 1990 களில். 1995 இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் லேசர் ஒளியால் இடைவெளியை அளக்கும் கருவியை ஒரு காரில் பொருத்தியது. எனினும் அது எண்ணெயைக் குறைக்கவும் கியரைத் தாழ்த்தவும் மட்டுமே வல்லதாய் இருந்தது. பிரேக்கை அது தொடவில்லை. 1999 இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தன் பெரிய கார்களில் ரேடார் கருவியைப் பொருத்தியபோது, பிரேக்கையும் கருவியே இயக்கலாயிற்று. பிரேக்கின் தேய்மானத்தில் கருவிக்குப் பங்கு உண்டானது அன்றிலிருந்துதான்.

வேகத்தைக் குறைக்கும் மூன்று படிகள்

ரேடார் அனுப்பும் அலை முன்னே செல்லும் வண்டியில் பட்டுத் திரும்புகிறது. அதிலிருந்து இடைவெளி எவ்வளவு, அது எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்னும் இரண்டையும் கருவி கணக்கிடுகிறது. காக்க வேண்டிய இடைவெளியை அது மீட்டரில் எண்ணாமல் நொடியில் எண்ணுகிறது. இரண்டு நொடி இடைவெளி என்றால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர் ஆகும். வேகம் குறையக் குறைய அதுவும் குறையும்.

இடைவெளி சுருங்கும்போது கருவி மூன்று படிகளில் செயற்படுகிறது. முதற்படி, எஞ்சினுக்குச் செல்லும் எண்ணெயைக் குறைத்தல். அப்போது காற்றின் எதிர்ப்பும், சக்கரத்தின் உருள் எதிர்ப்பும், எஞ்சினின் இழுவையும் வண்டியை மெதுவாக்குகின்றன. அது போதாவிடில் இரண்டாம் படியாகக் கியர் தாழ்கின்றது. அதுவும் போதாவிடில் மட்டுமே மூன்றாம் படியாகிய பிரேக். ஓட்டுநரின் கால் படாமலே, வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பிலுள்ள பம்பு முதலியவற்றின் துணையால் பிரேக் எண்ணெயில் அழுத்தம் ஏற்றப்பட்டு நான்கு சக்கரங்களும் பிடிக்கப்படுகின்றன.

இந்தப் பிடிப்புக்கும் வரம்பு உண்டு. இக்கருவிக்கான அனைத்துலகத் தரவிதி, உயர்ந்த வேகத்தில் நொடிக்கு நொடி 3.5 மீட்டருக்கு மேல் வேகம் குறையாதவாறு கருவியைக் கட்டுப்படுத்துகிறது. உலர்ந்த சாலையில் நல்ல கார் ஒன்று முழு வலிமையோடு பிரேக் போட்டால் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் குறைக்க முடியும். எனவே இக்கருவி போடும் பிரேக் இயல்பாகவே மென்மையானது. ஆபத்து வேளையில் பாய்ந்து நிறுத்தும் கருவி வேறு, இது வேறு.

பிரேக் தின்னும் ஆற்றல்

ஓடும் வண்டியில் ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றல் அழியாது. வேறு உருவம் கொள்ளும். பிரேக் செய்வது அந்த உருவ மாற்றமே. சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் 'பிரேக் பேட்' எனப்படும் பட்டைகள் இறுக்குகின்றன. உராய்வினால் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகின்றது.

1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதில் ஏறத்தாழ 700 கிலோஜூல் ஆற்றல் உள்ளது. அறை வெப்பத்திலுள்ள இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் 90 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 469 கிலோஜூல் எஞ்சும். இடையிலுள்ள சுமார் 231 கிலோஜூல் எங்கேனும் போயாக வேண்டும். பட்டையின் தேய்மானம் பற்றிய வினா இங்கேதான் பிறக்கிறது: இந்த 231 கிலோஜூலை வாங்கிக் கொள்வது காற்றா, பட்டையா?

இரண்டு ஓட்டுநர்கள்

மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும் இரு கார்களைக் கருதுவோம். இரண்டுக்கும் முன்னே 90 கிலோமீட்டரில் லோரி செல்கிறது. இருவரும் 50 மீட்டர் இடைவெளி விட்டு லோரியைத் தொடர விரும்புகின்றனர்.

முதல் ஓட்டுநர், லோரி 100 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். எஞ்சினின் இழுவையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், காற்றும் உருள் எதிர்ப்பும் அவ்வேகத்தில் அந்தக் காரை ஏறத்தாழ 450 நியூட்டன் விசையோடு பின்னிழுக்கின்றன. சுமார் 18 நொடியில் வேகம் 90 க்கு இறங்குகிறது. அதற்குள் இடைவெளி 50 மீட்டராகச் சுருங்குகிறது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. 231 கிலோஜூலும் காற்றோடும் சாலையோடும் போயிற்று.

இரண்டாம் ஓட்டுநர், இடைவெளி 65 மீட்டராகும்வரை அதே வேகத்தில் வருகிறார். எஞ்சியுள்ள 15 மீட்டருக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பது ஐந்தரை நொடிக்கும் குறைவான காலம். அதற்குள் காற்றும் சாலையும் சுமார் 67 கிலோஜூலை மட்டுமே வாங்கிக் கொள்ள முடியும். மீதி 164 கிலோஜூலைப் பட்டைகள் தின்ன வேண்டும்.

இருவரும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தை அடைந்தனர் எனலாம். வேறுபாடு காலை எடுத்த நேரத்தில் மட்டுமே. பிரேக்கின் ஆயுளை அறுதியிடுவது, காலம் அறிந்து காலை எடுக்கும் முன்னறிவு என்பது இதனால் விளங்கும்.

கருவி எவரைப் போன்றது?

நல்ல சாலையில், போக்குவரத்து சீராக இருக்கும்போது, நீண்ட இடைவெளி குறித்து வைக்கப்பட்ட கருவி பெரும்பாலும் முதல் ஓட்டுநரைப் போன்றது. ரேடாரின் பார்வை 150 மீட்டருக்கு அப்பாலும் செல்லும், அது களைப்படையாது, பேச்சில் ஈடுபட்டுச் சாலையை மறக்காது. முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பழகிய ஒருவர் இக்கருவியைப் பயன்படுத்தினால் அவருடைய பட்டைகள் முன்னைவிட நெடுநாள் உழைக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தேர்ந்த ஓட்டுநரோடு ஒப்பிட்டால் கருவி தோற்கும். அவர் லோரியை மட்டும் காண்பவர் அல்லர். லோரிக்கு முன்னால் செல்லும் பேருந்தையும், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் டோல் சாவடியையும், மேட்டின் மறுபுறம் இறக்கம் உண்டு என்பதையும் அறிந்தவர். கருவியோ பெரும்பாலும் தனக்கு நேர் முன்னுள்ள வண்டியையே நம்பியிருக்கிறது.

பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு கார் இடையில் நுழையும்போது கருவியின் குறை மேலும் தெளிவாகிறது. நுழையப்போகும் வண்டியை மனிதன் அதன் சாய்விலிருந்தே உய்த்துணர்கிறான். கருவி அது தடத்திற்குள் வந்தபின்னரே கண்டு, திடீரெனச் சுருங்கிய இடைவெளியை மீட்கப் பிரேக்கைப் பிடிக்கிறது. இதனால் சலிப்புற்றுச் சிலர் இடைவெளியை மிகக் குறைத்து வைக்கின்றனர். அப்போது முன்வண்டி சற்றே தயங்கினாலும் முதல் இரண்டு படிகளுக்குக் காலம் இல்லாமல், கருவி நேரே மூன்றாம் படிக்குத் தாவுகிறது. கருவி இரண்டாம் ஓட்டுநராக மாறுவது இவ்வாறே. ஆகவே, கருவி பட்டையைத் தேய்க்குமா காக்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இடைவெளிப் பொத்தானை அழுத்தும் விரலே.

விளக்கு எரிவது அளவுகோல் ஆகாது

கருவியுள்ள காரின் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிவதைக் கண்டு, பட்டை அந்த அளவுக்குத் தேய்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. தேய்மானம், பிரேக் எத்தனை முறை போடப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று. எவ்வளவு ஆற்றல் பட்டையின் வழியே சென்றது, அப்போது பட்டை எவ்வளவு சூடாயிற்று என்பவற்றைப் பொறுத்தது.

மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து நிற்பதற்கு அக்கார் இழக்கும் ஆற்றல் 52 கிலோஜூல் மட்டுமே. 110 கிலோமீட்டரிலிருந்து ஒரு முறை நிற்பதும், 30 கிலோமீட்டரிலிருந்து 13 முறை நிற்பதும் ஆற்றல் கணக்கில் ஏறத்தாழச் சமம். அன்றியும், பட்டையிலுள்ள பொருள்களைப் பிணைத்திருக்கும் பிசின் மிகுந்த வெப்பத்தில் சிதையத் தொடங்கும். அந்நிலையில் பட்டை விரைந்து தேயும். ஆகவே மென்மையாகப் பல முறை பிடிப்பதைவிட, ஒரே முறை வன்மையாகப் பிடித்துச் சூடேற்றுவது பட்டைக்குக் கேடு.

தேய்ந்த பட்டை எங்கே போகிறது என்பதும் எண்ணத்தக்கது. அது நுண்தூளாகிக் காற்றில் கலக்கிறது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 'யூரோ 7' விதிகள், புகைக்கு மட்டுமன்றிப் பிரேக் தூளுக்கும் வரம்பு கட்டின. பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம் என்பது அவ்வரம்பு. பிரேக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பணப்பையை மட்டுமன்று, சாலையோரப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் மூச்சையும் காக்கும் செயலாகும்.

மின்சார வண்டியில்

மின்சாரக் காரிலும் கலப்பு வகைக் காரிலும் கணக்கு மாறுகின்றது. வேகத்தைக் குறைக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரே மின்னாக்கியாகி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிக் கலத்திற்குத் திருப்புகிறது. கருவி மென்மையாகவே வேகத்தைக் குறைப்பதால் பட்டைக்கு வேலை வருவது அரிது. இங்கே எழும் தொல்லை தேய்வன்று, துருவே. பயன்படாத இரும்புத் தட்டில் மழையும் ஈரக்காற்றும் துருவை ஏற்றுகின்றன. 2020 இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் ஐடி 3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களுக்குப் பழைய முறையான மூடிய டிரம் பிரேக்கையே அமைத்தது குறிப்பிடத்தக்கது. அத்தகைய காரை ஓட்டுவோர், பின்னால் வண்டி இல்லாத இடம் பார்த்து அவ்வப்போது பிரேக்கை நன்கு மிதித்துத் தட்டைத் துலக்குவது நன்று.

வரிசையில் செல்லும் வண்டிகள்

தேய்மானம் ஒரு காரோடு முடிவதன்று. 2008 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 22 கார்களை 230 மீட்டர் வட்டப் பாதையில் ஓட விட்டனர். தடை எதுவும் இல்லாதபோதும், சிறிது நேரத்தில் நெரிசல் தானே உண்டாயிற்று. ஒருவர் சற்றுத் தயங்க, பின்னவர் அதைவிடச் சற்று அதிகமாகத் தயங்க, அலை வளர்ந்து கடைசியில் ஒருவர் நின்றேவிட்டார். 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இருபதுக்கு மேற்பட்ட கார்கள் கொண்ட அத்தகைய வட்டத்தில் ஒரே ஒரு காரைத் தகுந்த முறையில் இயந்திரம் கட்டுப்படுத்தியபோது அலை அடங்கியது. கடும் பிரேக்குகளும் எண்ணெய்ச் செலவும் பெரிதும் குறைந்தன. ஒருவரின் நிதானம் இருபது பேரின் பட்டைகளைக் காத்தது.

எனினும், கடைகளில் விற்கும் கார்களின் கருவிகளை ஆராய்ந்தவர்கள் வேறொன்றும் கண்டனர். அத்தகைய கார்கள் பல ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், முன்வண்டியின் சிறு தயக்கம் பின்னால் செல்லச் செல்லப் பெருகுகின்றது. கருவி இருப்பதே போதாது. அதற்குள் வைக்கப்பட்ட கணக்கும் நல்லதாக இருத்தல் வேண்டும்.

மலைப்பாதையில்

இதுவரை கூறியது காசுக் கணக்கு. மலைப்பாதையிலோ உயிர்க் கணக்கு. கெந்திங், கேமரன் மலைகளிலிருந்து இறங்கும் சாலைகளை எண்ணுக. அந்த 1,500 கிலோகிராம் கார் 500 மீட்டர் உயரம் இறங்குமானால் அது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7,350 கிலோஜூல். இது 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து முறை நிறுத்துவதற்கு ஒப்பாகும். மெல்ல இறங்கும் வண்டிக்குக் காற்று அதிகம் உதவாது. தாழ்ந்த கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் பட்டைகளே தாங்க வேண்டும்.

குறித்த வேகத்தைக் காப்பதற்காக இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கைப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. கால் மிதியில் இல்லாததால் இதை ஓட்டுநர் உணர்வதில்லை. பட்டை சூடேறிப் பிடிப்பைத் தளர்த்தும். வெப்பம் பிரேக் எண்ணெய்க்கும் ஏறும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறையாமல் கொதிநிலை கொண்டிருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரையைத் தொடும்; வண்டி நிற்காது. இதனாற்றான் செங்குத்தான, வளைந்த சாலைகளில் இக்கருவியைப் பயன்படுத்த வேண்டா என்று கார்க் கையேடுகள் எச்சரிக்கின்றன. இறக்கம் தொடங்குமுன் கருவியை நிறுத்தி, கியரைத் தாழ்த்துவதே முறை.

கால் இழந்த அறிவு

பழைய ஓட்டுநருக்குக் கால் ஒரு பரிசோதகனாக இருந்தது. மிதி சற்று ஆழம் செல்வது, அதிர்வது, இழுப்பது ஆகியவற்றை அவர் நாள்தோறும் உணர்ந்தார். கருவியிடம் மிதியை ஒப்படைத்தவர் அந்தச் செய்தியைப் பெறுவதில்லை. பட்டை தேயும், கால் அறியாது. கருவி தரும் வசதிக்கு மனிதன் கொடுக்கும் விலை இதுவே.

ஆகவே கால் கண்டதை இனிக் கண் காண வேண்டும். புதிய பட்டையின் உராய்வுப் பகுதி 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றுவது நன்று. எண்ணெய் மாற்றப் பட்டறைக்குச் செல்லும்போதெல்லாம் இதைப் பார்க்கச் சொல்லலாம். முன்பட்டைகளை மட்டும் பார்த்து நிறுத்தலாகாது. மென்மையான பிரேக்கின்போது வண்டியின் முகம் தாழாதிருக்கப் பின்சக்கரங்களுக்கு மிகுதியான பங்கு தரும் கார்கள் இன்று பல. மெலிந்த பின்பட்டை முன்பட்டைக்கு முன்பே தேய்ந்துவிடக் கூடும். ஈரக்காற்று மிக்க நாட்டில் பிரேக் எண்ணெயையும் கையேடு கூறும் தவணை தவறாது மாற்றுதல் வேண்டும்.

ஆற்றல் அழியாது, உருமாறும் என்னும் பாடத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. மாணவர்கள் 110 ஐயும் 90 ஐயும் கரும்பலகையில் எழுதி, இடையிலுள்ள 231 கிலோஜூல் எங்கே போயிற்று என்று தாமே தேடட்டும். காற்றுக்குக் கொடுத்தது செலவற்றது; பட்டைக்குக் கொடுத்தது காசு; இறக்கத்தில் கணக்குத் தவறினால் இழப்பது உயிர். கருவி அந்தக் கணக்கைப் போடுவதில் துணை நிற்கும். கணக்கு சரிதானா என்று பார்க்கும் பொறுப்பு என்றும் ஓட்டுநருடையதே.